இழுவை வரும் நேரம்

காசிநாதன் தன் பழைய வேனை விற்றுவிட்டுப் புது பிக்கப் வண்டி எடுத்தது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், பொங்கல் முடிந்த கையோடு. சின்ன வெங்காயம் பிடுங்குகிற வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சிறுவாச்சூருக்குக் கிழக்கே இருக்கும் தன் ஊரிலிருந்து காலையில் பெண்களை ஏற்றி, நெடுஞ்சாலையைத் தாண்டி, மேற்கே அவர் மொத்தமாகப் பேசி வாங்கியிருந்த வெங்காயக் காடுகளில் கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலம் மூட்டைகளையும் அவர்களையும் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பழைய வேன் இருந்த காலத்திலிருந்தே இந்த வேலையைச் செய்துவந்தவன் அமிர்தலிங்கம்.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பதினெட்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். குடிப்பதில்லை, வேகமாக ஓட்டுவதில்லை, வண்டியைக் கழுவாமல் வீட்டுக்குப் போவதில்லை. அவன் மேல் ஊரில் யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. அவன் மனைவி அம்மாக்கண்ணுவும் அந்தப் பெண்களோடுதான் வெங்காயம் பிடுங்கப் போனாள். புருஷன் ஓட்டும் வண்டி என்பதற்காக அவள் முன்னால் உட்காருவதில்லை. முன் இருக்கை காசிநாதனுக்கு. அவர் வராத நாட்களில் மருந்தடிக்கிற மெஷினும் தண்ணீர்க் குடமும் அங்கே உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் பின்னால் நிற்கும்போது தான் மட்டும் முன்னால் போய் உட்கார்ந்தால் பேச்சு வரும் என்று அம்மாக்கண்ணுவும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

புது வண்டியின் கதவில் டர்போ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் காசிநாதன் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார். ஏற்றத்தில் இழுக்கும், மூட்டை கூடப் போடலாம் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வண்டி நன்றாகத்தான் இழுத்தது. ஆனால் மிதித்தவுடனே இழுக்கவில்லை.

பழைய வேனில் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தால் உறுமிக்கொண்டு அந்தக் கணமே நகரும். இத்தனை வருஷமாக அமிர்தலிங்கத்தின் கால் அந்தக் கணக்குக்குப் பழகியிருந்தது. புது வண்டியில் கால் வைத்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. சத்தம் மட்டும் கொஞ்சம் கனமாகும். இன்னும் மிதிப்பான். அப்போதும் வண்டி சோம்பலாக உருளும். சரி, இது அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவன் நினைக்கிற நேரத்தில் எங்கிருந்தோ ஒரு விசில் சத்தம் கேட்கும், முதுகை இருக்கையோடு தள்ளிக்கொண்டு வண்டி சீறிப் பாயும். அவன் பதறிக் காலை எடுத்தால் சட்டென்று தொய்ந்துவிடும். மறுபடி மிதித்தால் மறுபடி அதே காத்திருப்பு, அதே பாய்ச்சல்.

முன்னால் இருப்பவனுக்கு அது முதுகில் விழும் ஒரு தள்ளு. அவ்வளவுதான். பின்னால் நிற்கும் பெண்களுக்கு அப்படியில்லை. முதல் நாளே வேகத்தடை தாண்டியதும் பாதிப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. தூக்குவாளி கவிழ்ந்து ஒருத்தியின் சோறு கொட்டிப்போனது. இன்னொருத்திக்குக் கேபினை ஒட்டிய கம்பியில் இடித்து உதடு வீங்கியது. அம்மாக்கண்ணு ஒரு நாள் இரவுச் சோறு போடும்போது தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். கன்றிப் போயிருந்தது.

"என்னங்க, கொஞ்சம் பாத்து எடுங்க. பின்னாடி நிக்க முடியல" என்றாள்.

அவனுக்குத் தின்றுகொண்டிருந்த சோற்றிலேயே கண் சொருகிக்கொண்டு வந்தது. விடியுமுன் எழுந்து பெண்களை இறக்கிவிட்டு, அதே வண்டியில் முந்தின நாள் மூட்டைகளை ஏற்றி அரியலூர் மார்க்கெட்டுக்குப் போய், திரும்பி வந்து மறுபடி காட்டுக்குப் போகிற பிழைப்பு. அறுவடை முடிகிறவரை அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. வண்டி அப்படிப்பட்ட வண்டி, நான் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டு கை கழுவினான்.

இருந்தாலும் மனசு கேட்காமல், அரியலூர் போகும் வழியில் பெரம்பலூர் துறைமங்கலத்தில் கலைச்செல்வனின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினான். கலைச்செல்வன் அவனைவிடச் சின்னவன். புது வண்டிகளின் வேலை தெரிந்தவன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லி இறங்கினான்.

"டர்போன்னா அப்படித்தாண்ணே. பொகை போற வழியில ஒரு காத்தாடி வச்சிருக்கான். பொகை வேகமாப் போனாத்தான் அது சுத்தும். அது சுத்துனாத்தான் இன்ஜினுக்குள்ள காத்தைத் தள்ளும். நீங்க மிதிச்சவொடன பொகை எங்கேர்ந்து வரும்? அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆவுமில்ல."

அந்த நேரத்தில் வண்டி உயிரில்லாமல் கிடக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று அமிர்தலிங்கம் கேட்டான். இன்ஜினைத் தூங்க விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும், கியரை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும், இழுவை வருகிறபோது மிதித்துக்கொண்டே இருக்காமல் காலை லேசாக விட வேண்டும் என்று கலைச்செல்வன் சொன்னான். சொல்வதற்கு எளிதாக இருந்தது. அமிர்தலிங்கம் இரண்டு நாள் அப்படியே ஓட்டிப் பார்த்தான். கொஞ்சம் பரவாயில்லை என்று அம்மாக்கண்ணு சொன்னாள்.

மூன்றாம் நாள் காசிநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டாம் கியரில் இன்ஜின் கத்திக்கொண்டு போவதைக் கேட்டு அவருக்கு முகம் சுருங்கியது. டீசல் முள் இப்படி இறங்குவதற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றார். புது வண்டியை இப்படி அலறவிட்டால் இன்ஜின் என்னத்துக்கு ஆகும், கியரை ஏற்றிப் போட்டு மெதுவாக உருட்டு என்றார். அமிர்தலிங்கம் கலைச்செல்வன் சொன்னதைச் சொல்லிப் பார்த்தான். வண்டி அவனுடையதா என்னுடையதா என்று காசிநாதன் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் குரலை உயர்த்துவதில்லை. அமிர்தலிங்கம் கியரை ஏற்றிப் போட்டான். வாதாட அவனுக்குத் தெம்பு இல்லை. இன்னும் அரியலூர் போய் வர வேண்டியிருந்தது.

அந்த வருஷம் நெடுஞ்சாலையை நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிறுவாச்சூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் ஜல்லிக் குவியல், தார் டிரம், பாதி தோண்டிய பள்ளம். சாலையை உயர்த்தியிருந்ததால் மேற்கேயிருந்து வரும் மண்பாதை அதில் ஏறுகிற இடத்தில் ஒரு மேடு. மேட்டில் ஏறி, திருச்சியிலிருந்து வருகிற வண்டிகளையும் சென்னையிலிருந்து வருகிற வண்டிகளையும் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் ஒரே மூச்சில் குறுக்கே போய் அந்தப் பக்கம் இறங்கிவிட வேண்டும்.

அது ஒரு திங்கட்கிழமை. காசிநாதன் அன்றைக்கு வண்டியில் இல்லை. சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வந்த கூட்டம் திரும்பிக்கொண்டிருந்ததால் சாலையில் கார்களும் வேன்களும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. அமிர்தலிங்கம் மேட்டுக்கு அடியில் வெகுநேரம் காத்துக்கிடந்தான். பின்னால் மூட்டைகளின் மேல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து குனிந்தே இருந்த முதுகுகள்.  பின்பலகையை ஒட்டிக் கடைசியில் வீராயி உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லையிலேயே அவள் வீடு என்பதால் முதலில் இறங்குகிறவள் அவள்தான். இறங்கும்போது அமிர்தலிங்கத்தை உரிமையோடு நாலு வசவு வைதுவிட்டுத்தான் போவாள். ஐம்பது வயதுக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். தனியாகக் கிடந்தாலும் யாரிடமும் ஒரு கல் உப்புக்கூடக் கேட்டுப் போகாத பொம்பளை.

இடைவெளி தெரிந்தது. திருச்சிப் பக்கமிருந்து ஒரு பஸ் தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தது. நின்ற வண்டியைக் கிளப்பி, முதலாளி சொன்னபடி உடனே இரண்டாம் கியரைப் போட்டு அமிர்தலிங்கம் மேட்டில் ஏற்றினான். முன் சக்கரம் தாரில் ஏறியது. மிதித்தான். வண்டி வரவில்லை.

இன்னும் மிதித்தான். மூட்டை பாரமும் மேடும் சேர்ந்து வண்டியைப் பின்னுக்கு இழுத்தன. நடுச்சாலையில் வண்டி ஊர்ந்தது. பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. வலது பக்கக் கண்ணாடி முழுக்க அந்தப் பஸ்ஸின் முகம்தான் தெரிந்தது. கால் தரையைத் தொடுகிறவரை மிதித்துக்கொண்டு அவன் ஸ்டியரிங்கை நெஞ்சோடு இழுத்தான், மாட்டின் கயிற்றை இழுப்பதுபோல. அப்போதுதான் அந்த விசில் சத்தம் வந்தது. வண்டி எகிறிக் குதித்து எதிர்ப்புறம் பாய்ந்தது. தாரின் விளிம்பிலிருந்து மண்ணில் தடாலென்று இறங்கிப் பாதையில் ஓடியது. பஸ் அவன் முதுகுக்குப் பின்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

தப்பித்தோம் என்று நினைத்தான். அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தான்.   அப்படியே ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. பயந்துபோய்த் தட்டுகிறார்கள் என்று நினைத்தான். அதன் பிறகுதான் அம்மாக்கண்ணுவின் குரல், அவள் குரல் மாதிரியே இல்லாத ஒரு குரல், நிறுத்துங்க நிறுத்துங்க என்று கேட்டது.

வீராயி சாலை விளிம்புக்குக் கீழே ஜல்லிக் குவியலை ஒட்டிக் கிடந்தாள். சிறுவாச்சூர் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்காரவைத்திருந்தார்கள். நினைவு இருந்தது. இடது தோள் கீழே இறங்கித் தொங்கியது. முகமெல்லாம் மண். அமிர்தலிங்கம் ஓடிவந்து அக்கா என்று அவள் கையைத் தொடப்போனான். தொடாதே என்று மட்டும் சொன்னாள்.

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் தோள்பட்டை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் வைத்திருந்து, கட்டுப்போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் வந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் காசிநாதன் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவள் விழுந்த மறுநாள் காலையிலேயே பெண்கள் வண்டிக்காகக் கூடியிருந்த இடத்துக்கு வந்து, வீராயி மூட்டை மேல் உட்கார்ந்து தூங்கிவிழுந்துவிட்டாள், இனிமேல் யாரும் பின்பலகைக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றார். சொல்லிவிட்டு அமிர்தலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா அமிர்தம், அப்படித்தான?"

அமிர்தலிங்கம் இரவெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவன். கண்ணில் மணல் விழுந்தது போல எரிந்தது. ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினான். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அம்மாக்கண்ணு ஏறவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். சண்டை போடவில்லை. மறுநாளும் அதேபோல நடந்தாள். பஸ்ஸில் போய் இறங்கி வெங்காயக் காடுவரை நடந்து, மற்றவர்கள் ஒரு பாத்தி முடிக்கிற நேரத்துக்கு வந்துசேர்ந்து, சாயங்காலமும் அப்படியே திரும்பினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டில் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தான் ஓட்டும் வண்டியில் தன் பெண்டாட்டி ஏற மாட்டேன் என்கிறாள் என்பது அமிர்தலிங்கத்துக்குப் பகலெல்லாம் முள்ளாகக் குத்தியது. ஒரு நாள் சாயங்காலம் மற்றவர்களை இறக்கிவிட்டு வரும்போது அவள் வெகுதூரம் நடந்து வருவதைப் பாதையில் பார்த்து வண்டியை நிறுத்தினான். ஏறு என்றான். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் வீராயிக்காவுக்குப் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். அது தூங்கல. எம்மேல கைய வச்சிக்கிட்டுப் பேசாம இருந்திச்சி. வண்டி எகிறனப்ப அந்தக் கை எம்மேலேர்ந்து வழுக்கிப் போனது எனக்கு இன்னமும் தெரியிதுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு நடந்துபோனாள். அவன் வண்டியை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அடுத்த நாள் அரியலூரிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பும்போது கலைச்செல்வனின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றான். நீ ஓட்டு, நான் பின்னால் நின்றுகொள்கிறேன். முதலாளி சொல்கிற மாதிரி பெரிய கியரில் உருட்டி ஓட்டு என்றான். கலைச்செல்வனுக்கு இது விளையாட்டாகப் பட்டது. ஆனால் அமிர்தலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினான்.

பின்னால் பிடிக்க ஒன்றுமே இல்லை என்பதை அமிர்தலிங்கம் அன்றைக்குத்தான் கண்டான். பக்கப் பலகை இடுப்புக்குக் கீழே இருந்தது. கேபினை ஒட்டி ஒரு கம்பி. அதைப் பிடிக்க மூன்று பேருக்குத்தான் இடம். வண்டி உருண்டது. கால்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. ஓடுகிற வண்டி இவ்வளவுதான் என்று உடம்பு நம்பிவிட்டது. அந்த நம்பிக்கையில் இருக்கும்போது தரை காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. அவன் பின்னுக்கு ஓடி, பின்பலகையில் இடித்து, பாதி உடம்பு வெளியே தொங்கி, கையால் பலகையைக் கவ்விப் பிடித்து நின்றான். முன்னால் இருக்கிறவனுக்கு விசில் சத்தம் கேட்கிறது, பாயப்போகிறது என்று தெரிகிறது. பின்னால் இருக்கிறவனுக்கு எந்தத் தகவலும் இல்லை.

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். பிறகு, சின்ன கியரில், இழுவை வருகிற நேரத்தில் காலை விட்டு ஓட்டச் சொன்னான். எந்த இடத்தில் உடம்பு பின்னுக்குச் சாய்கிறது, எந்த இடத்தில் சாயவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தான். கலைச்செல்வன் இறங்கி வந்தபோது அமிர்தலிங்கத்தின் விலாவில் சட்டை கிழிந்திருந்தது. போதும்ணே என்று கலைச்செல்வன் சொன்னான். 

அன்றைக்கே வீராயியின் வீட்டுக்குப் போனான். அவள் கட்டிய கையோடு வாசலில் முருங்கைக்கீரையை ஒற்றைக் கையால் உருவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவன் நின்றுகொண்டே சொன்னான், நீ தூங்கி விழவில்லை அக்கா, என் கால்தான் உன்னைத் தள்ளியது, அன்றைக்கு முதலாளி கேட்டபோது நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன் என்று. வீராயி கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"இத நீ வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? விழுந்தவ நானு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னண்ட சொல்லி என்ன ஆவப்போவுது. சொல்ற எடத்துல சொல்லு" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ் படியில் ஒற்றைக் கையால் ஏற முடியவில்லை, போன வாரம் ஒருத்தன் இடித்து உயிர் போய் உயிர் வந்தது, வண்டி அந்தப் பக்கம் போகுமா என்று கேட்டாள். போகும் என்றான்.

மறுநாள் காலையில் பெண்கள் கூடியிருந்த இடத்தில், காசிநாதனும் நின்றுகொண்டிருக்கும்போது, அமிர்தலிங்கம் சாவியை வண்டியின் முன்பக்கத்தில் வைத்தான். சத்தமாகப் பேச அவனுக்கு வராது. பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. ஆனால் அது போதுமானதாக இருந்தது.

"வீராயிக்கா தூங்கலிங்க மொதலாளி. நான்தான் வண்டிய எகிறவிட்டேன். இனிமே சின்ன கியர்லதான் ஓட்டுவேன். டீசல் குடிக்கத்தான் குடிக்கும். ரெண்டு பக்கமும் புடிச்சிக்கக் கம்பி அடிச்சிக் குடுங்க. முடியாதுன்னா வேற ஆள வச்சி ஓட்டிக்குங்க."

 இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியதில்லை என்றார் காசிநாதன். சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு வண்டி போகவில்லை. பெண்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். அமிர்தலிங்கம் வீட்டுக்கு வந்து படுத்தான். வேலை போய்விட்டது என்ற பயம் வருவதற்கு முன்னால் தூக்கம் வந்துவிட்டது. மதியம் சோறு தின்னக்கூட எழவில்லை.

காசிநாதன் பெரம்பலூரிலிருந்து வேறு ஒரு டிரைவரை அழைத்துவந்தார். அவன் ஒரு நாள் ஓட்டினான். அன்றைக்குச் சாயங்காலம் பிடுங்கியதில் பாதி மூட்டை கட்டப்படாமல் காட்டிலேயே கிடந்தது, ஏனென்றால் அவன் வண்டியில் ஏற அரைவாசிப் பேர்கூட வரவில்லை. நடந்து வந்தவர்கள் வெயில் ஏறித்தான் வேலையைத் தொடங்கினார்கள். வானம் வேறு கருத்துக்கொண்டு வந்தது. பிடுங்கிப் போட்ட வெங்காயம் நனைந்தால் அழுகிவிடும். அதற்கடுத்த நாள் காசிநாதனே அமிர்தலிங்கத்தின் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, சாவியை நீட்டினார். தப்பு என்றோ சரி என்றோ சொல்லவில்லை. கம்பி அடிக்க வெல்டிங் பட்டறையில் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் நிறுத்து என்று மட்டும் சொன்னார். டீசல் முள்ளைப் பற்றி அதற்குப் பிறகும் அவர் முணுமுணுக்காத நாள் கிடையாது.

வெள்ளிக்கிழமை வீராயியை முன் இருக்கையில் உட்காரவைத்து அமிர்தலிங்கம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். அந்தத் தூரத்தை அவன் அதுவரை அவ்வளவு மெதுவாக ஓட்டியது கிடையாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் கியரை இறக்கினான். விசில் சத்தம் எழும்போதே காலை லேசாகத் தூக்கினான். இழுவை வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான். காலின் கட்டைவிரல் வலித்தது. வீராயி கட்டிய கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தபடி வந்தாள். நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்தில், முதல் கியரில் இன்ஜினை உறுமவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. இரண்டு பக்கமும் ஒரு வண்டியும் கண்ணுக்குத் தெரியாத நேரம் வந்த பிறகுதான் கிளட்சை விட்டான். வண்டி அலுங்காமல் குலுங்காமல் தாரில் ஏறியது. வீராயி கண்ணை மூடியிருந்தாள். ஏறியது தெரிந்து மெல்லத் திறந்தாள்.  

அவள் தோள் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கை காதுக்கு மேலே எழவில்லை. குனிந்து வெங்காயம் பிடுங்குகிற வேலை அவளுக்கு அத்தோடு முடிந்தது. காசிநாதன் வெங்காயம் சேர்த்துவைக்கிற பட்டறையில் நிழலில் உட்கார்ந்து வெங்காயத்தின் தாளை அறுத்துக் காயைத் தரம் பிரிக்கிற வேலையை அவளுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தான் அமிர்தலிங்கம். மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. அமிர்தலிங்கத்தோடு பேசுவாள், முகம் பார்த்துப் பேசுவாள். ஆனால் முன்புபோல வைய மாட்டாள். அந்த வசவு இல்லாதது அவனுக்கு என்னமோ போலிருந்தது.

அம்மாக்கண்ணு கடைசியாகத்தான் வண்டிக்குத் திரும்பினாள். கம்பி அடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலையில் எல்லோரும் ஏறிய பிறகு தூக்குவாளியை மேலே கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினாள். அமிர்தலிங்கம் அதைக் கண்ணாடியில் பார்த்தான். சாயங்காலம் வீட்டில், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"பரவால்ல. மண்பாதையில ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் தூக்குச்சி. காட்டுக்குச் சுத்திப் போனமே, அங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் சோறு போடும்போது அவள் சொல்வாள், இன்ன இடத்தில் தூக்கியது, இன்ன இடத்தில் தெரியவேயில்லை என்று. அவன் கேட்டுக்கொள்வான். சில நாள் அவள் சொல்லிமுடிப்பதற்குள் தூங்கிவிடுவான்.

மாசி கடைசியில் ஒரு நாள் அரியலூர் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போனான். காசிநாதனும் கூட வந்தார். வழியில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. ஆமை போல ஊர்ந்து போயிற்று. அதன் பின்னால் வெள்ளைப் புழுதி கிளம்பி வண்டிக் கண்ணாடியை மூடியது. எதிரே வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது தெரியவில்லை. ஏறிப் போய்விடு, இடம் இருக்கிறது என்றார் காசிநாதன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னார். மார்க்கெட்டில் ஏலம் தொடங்கிவிடும் என்றார். டர்போ வண்டி வாங்கியது எதற்கு என்றார்.

அமிர்தலிங்கம் கேட்டுக்கொண்டே ஓட்டினான். தன் காலுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரத்தை இப்போது அவன் உடம்பு அறிந்திருந்தது. அந்த வளைவில் அதற்கு இடம் இல்லை. தன் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டாம் கியரில், லாரியின் பின்னாலேயே போனான். காசிநாதன் இன்னும் ஏதோ சொன்னார். பிறகு சலித்துப்போய்க் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெக்கையும் இன்ஜினின் ஒரே மாதிரியான சத்தமும் சேர்ந்து அவரைத் தூங்கவைத்தன. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. புழுதி உள்ளே புகுந்து அவர் மீசையில் வெள்ளையாகப் படிந்தது.

அரியலூர் போய்ச் சேரும்போது ஏலம் பாதி முடிந்திருந்தது. காசிநாதன் விழித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு இறங்கி உள்ளே போனார். அமிர்தலிங்கம் டர்போவின் சூடு ஆறட்டும் என்று இன்ஜினை உடனே அணைக்காமல் சும்மா ஓடவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அணைத்தான். இறங்கியபோது வலது கால் மரத்துப் போயிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அதை உதறினான். மூட்டை இறக்குகிறவர்கள் வருகிறவரை அப்படியே சக்கரத்தோரம் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டான்.